மரணக் குறிப்பும் குடிவழியும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றி யான் பேசவேண்டுமென்று நம் சங்கத்துக் காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். கல்வி, கைத்தொழில், சிக்கனம் முதலிய விஷயங்களைப் பற்றிப் பேசுதற்கு என்னினும் தகுதியுடையார் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின், சில ஆண்டுகளாக யான் ஈடுபட்டுள்ள ஒரு சிறு முயற்சியைப் பற்றியே கூறலாமென எண்ணினேன். அஃதாவது, பழைய மரணக் குறிப்புகளையும் வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் காகிதங்களையும் துணைக்கொண்டு, ஒரு குடும்பத்தின் குடிவழியைத் தேடிக் காணும் முறை. ஆண்டு நிறைவாகிய மங்கல நாளில் கேதச் செய்தியைப் பற்றிப் பேச வந்தானே என்று ஆச்சிமார்கள் முகஞ் சுளிக்கவேண்டா. ஆண்டுதோறும் வீட்டிற் படைப்பு நடத்தி, மறைந்தவர்களுக்கு வேட்டியும் சேலையும் வைத்து வணங்குபவர் நாம். அப்படைப்பிற்கு உரியவர் யாவர், யாவர் என்று சரியாக அறிந்துகொள்வது அமங்கலம் ஆகாது.

நம் மக்களுக்குப் பழைமையில் விருப்பம் மிகுதி. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நம் முன்னோர் பாண்டிநாடு வந்த வரலாற்றை எந்த ஊரில் எந்தத் திண்ணையிற் கேட்டாலும் சொல்லுவார்கள். கலியப்தக் கணக்கும் தவறாது கூறுவார்கள். அவ்வரலாற்றை மறுப்பதற்கு யான் முற்படவில்லை. ஆனால், 'தங்கள் பாட்டையாவுடன் பிறந்தார் எத்தனை பேர்? அவர்கள் வழி எவ்வூரில் இருக்கின்றது?' என்று அவரையே வினவினால் விடை வருவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போகும் வழி தெரிந்திருக்க, அடுத்த தெருவிலுள்ள பங்காளி வீட்டுக்கு வழி தெரியாதிருப்பது ஓர் ஆச்சரியமே. யான் சொல்லப்போவது இந்தக் குறுகிய வழியைப் பற்றித்தான். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது செல்லாது.

இவ்வகைத் தேட்டத்திற்கு முதற் சாதனம் மரணக் குறிப்புகள். 1920-களில் காரைக்குடியிலிருந்து 'ஊழியன்', 'குமரன்' முதலிய பத்திரிகைகள் நம்மவரால் நடத்தப்பெற்றன. அக்காலந்தொட்டு நம் சமூக வெளியீடுகளில் 'சிவபதவி' என்ற தலைப்பிலோ 'வருந்துகிறோம்' என்ற தலைப்பிலோ சிறு குறிப்புகள் வந்திருத்தலைக் காணலாம். அச்சிட்ட உத்தரகிரியைப் பத்திரிகைகள் வேறு உண்டு. வசதியுடையார் வீட்டில் புலவர் ஒருவரைக்கொண்டு சரமகவி இயற்றுவித்து, சிறு புத்தகமாக அச்சிட்டு வழங்குவதும் ஒருகாலத்தில் பெருவழக்காயிருந்தது.

இவற்றைப் படிக்கும்போது முதலில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்குறிப்புகளின்படி பார்த்தால் நம் சமூகத்தில் இறந்தவர் எல்லோரும் தர்மசீலர்; எல்லோரும் பரோபகாரி; எல்லோரும் சிவபக்தியிற் சிறந்தவர்; ஒருவரேனும் வட்டி அதிகம் வாங்கியவர் இலர். பதினைந்து ஆண்டுக் குறிப்புகளை யான் ஒருசேர வாசித்தபோது, ஒருவரையே பலமுறை அடக்கஞ் செய்கின்றார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டாயிற்று. ஆதலின் புகழ்மொழிகளை மரியாதையுடன் கடந்து, குறிப்பின் அடிப்பாகத்துக்குச் செல்லவேண்டும். நமக்கு வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன: ஊர், விலாசம், கோயில், பிரிவு, எந்நாளில், எவ்விடத்தில் இறந்தார், யார் யாரை விட்டுச் சென்றார், பெண் கொடுத்த ஊர் எது, கொண்ட ஊர் எது என்பன. சரமகவியிலும் அவ்வாறே. அன்னாரைக் குபேரனென்றும் கர்ணனென்றும் பாடிய பாட்டுக்களை விடுத்து, ஆண்டு, திங்கள், பட்சம், திதி ஆகியவற்றை அமைத்துப் பாடிய திதி வெண்பாவை நோக்கவேண்டும். திதி பிழைத்தால் திவசம் பிழைக்குமாதலின், புலவர் மற்றைப் பாட்டுக்களில் எவ்வளவு தாராளமாயிருப்பினும் இவ்வொரு பாட்டில் மட்டும் சிக்கனமாகவும் உண்மையாகவும் இருப்பார்.

ஆண்டைப்பற்றி ஒரு வார்த்தை. நம் பழங் கணக்குகளில் தமிழாண்டின் பெயரே இருக்கும். அப்பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. சித்திரபானு என்று கண்டால் அது 1882-83 ஆகவும் இருக்கலாம்; 1942-43 ஆகவும் இருக்கலாம்; 2002-03 ஆகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இதில் தவறி, தம் பாட்டனாரையே பாட்டனாரின் பாட்டனாராக்கி, ஓர் அழகிய வமிசாவளியும் அச்சிட்டுவிட்டார். நிலப் பத்திரங்களிலும் ரெவினியூ தஸ்தாவேஜுகளிலும் பசலி இருப்பின் வேலை எளிது. பசலியோடு 590 கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். ஒரு பத்திரத்தில் இரண்டும் சேர்ந்து வருமாயின் அதைப் பொன்போற் போற்றுக.

மற்றைச் சமூகத்தாருக்கு இல்லாத சில வசதிகள் நமக்கு உண்டு. அவற்றுள் முதன்மையானது விலாசம். நம்மவர் பெயருக்கு முன் நீண்ட எழுத்து வரிசை இருப்பதைப் பார்த்துப் பிறர் நகைப்பதுண்டு. அது தலைமுறை வரிசை என்பதை அவர் அறியார். மு. ராம. அரு. என்றிருந்தால், முத்தையா மகன் ராமநாதன், அவர் மகன் அருணாசலம் என்பது போன்ற ஒரு தொடரே அங்குச் சுருங்கிக் கிடக்கின்றது. உடன்பிறந்தார் வேறுபட்டுத் தனித்தனிக் கடை வைக்கும்போது, மூத்த விலாசத்தின்மேல் தத்தம் எழுத்தைச் சேர்த்துக்கொண்டனர். எனவே, இரண்டு குடும்பத்தின் விலாசங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், எவ்வெழுத்துவரை ஒத்துச் செல்கின்றனவோ அத்தலைமுறைவரை இருவரும் ஒரே வீட்டார் என்று கொள்ள இடமுண்டு. அதன் பின்னரும் வேறு சான்று தேடவேண்டுமென்பது உண்மையே. எழுத்து ஒத்திருத்தல் தற்செயலாகவும் நேரலாம்.

இரண்டாவது, பெயரிடும் மரபு. தலைமகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டனார் பெயரை இடுதல் நம் வழக்கம். மாமனார் பெயரை வாயாற் கூறலாகாதென்று மருமகள் அப்பிள்ளையை வேறு பெயரிட்டு அழைப்பாள். ஆயினும் கணக்கிலும் கோயிலிலும் இட்ட பெயரே வழங்கும். மூன்றாவது, கோயிற் பதிவு. இளையாத்தங்குடி முதலாகப் பிள்ளையார்பட்டி ஈறாக ஒன்பது கோயிலுள் ஏதேனும் ஒன்றைச் சாராத நகரத்தார் குடும்பம் இல்லை. திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். திருமண நாளில் இரு வீட்டாரும் இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்திடுகின்றோம். மணமான தம்பதியர் ஒரு புள்ளி. அவருள் ஒருவர் மறைந்தால் எஞ்சியவர் அரைப்புள்ளி. புள்ளிக்குத் தக வரி. வரி வாங்குபவர் ஆளைக் கணக்கில் விடமாட்டாராதலின், புகழ்ச்சிப் பாட்டைக் காட்டிலும் புள்ளிக்கணக்கு நம்பத்தக்கது.

இவையெல்லாம் பொதுவாகச் சொன்னவை. இனி, இவை எவ்வாறு ஒன்றையொன்று திருத்துகின்றன என்பதற்கு என் வீட்டில் நேர்ந்ததையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். பிறர் வீட்டுக் கதையைச் சொல்லுதற்கு எனக்கு உரிமையில்லை.

என் பாட்டையா சித்திரபானு ஆண்டு மாசி மாதம், அதாவது 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிவபதவி அடைந்தார்கள். அது குறித்து வெளிவந்த ஒரு மரணக் குறிப்பு, பத்திரிகையினின்றும் கத்தரிக்கப்பெற்று, ஐந்தொகை ஏட்டினுள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தர்மிஷ்டர், தயாளர் என்று வழக்கமான வருணனை. முடிவில், 'அன்னாருக்கு மனைவியாரும் புதல்வர் இருவரும் உளர்' என்று கண்டிருந்தது. அவ்விருவருள் ஒருவர் எங்கள் ஐயா. மற்றவர் சின்ன ஐயா. யான் அறிந்தவரையில் எங்கள் வீட்டின் கிளைகள் இரண்டே. அச்சிற் கண்டதும் அதுவே. எனவே அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

பல திங்கள் கழிந்த பின்னர் ஒருநாள் வமிசாவளியைத் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறுத்திற்று. எங்கள் ஐயாவுக்கு அவருடைய தாய்வழிப் பாட்டனார் பெயர். சின்ன ஐயாவுக்குக் குலதெய்வத்தின் பெயர். பாட்டையாவின் தகப்பனார் பெயரை உடையவர் எங்கே? தலைமகனுக்கு அப்பெயரை இடாமல் விட்டிருப்பார்களா? எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் எத்தலைமுறையிலும் அம்மரபு பிழைக்கவில்லை.

இவ்விடத்தில் என் அறியாமையைச் சபையோர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும். யான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், வெள்ளைச் சேலை உடுத்த முதிய ஆச்சி ஒருவர் இருந்தார். அவர் வேறு உலை வைத்து உண்டு வந்தார். பிள்ளைகளாகிய எங்களுக்கு மாலைவேளையில் சீடை கொடுப்பார். கணக்கு வாய்பாடு ஒப்பிக்கச் சொல்லுவார். அவரை நாங்கள் 'பெரியப்பத்தா' என்று அழைத்தோம். பெரியப்பத்தா என்று ஒருவர் இருப்பின் பெரிய ஐயா என்று ஒருவர் இருந்திருக்கவேண்டுமன்றோ? ஐம்பது வயது கடக்கும்வரை அக்கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தினமும் வாயால் அழைத்த முறைப்பெயரே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்குச் செவிதான் இல்லை.

பின்னர்ப் பெட்டகத்தை முற்றும் இறக்கிப் பார்த்தேன். ஒரு சம்பளச்சீட்டு அகப்பட்டது. கொண்டுவிக்கப் போகின்றவருக்கும் முதலாளிக்கும் இடையே மூன்றாண்டுத் தவணைக்கு எழுதிக்கொள்ளும் அச்சீட்டைப் பெரியவர்கள் அறிவீர்கள். அது பிரமாதி ஆண்டில், அதாவது 1939-40-இல், எழுதப்பெற்றது. பர்மாவில் ஐராவதிக் கழிமுகத்திலுள்ள பியாப்போன் என்னும் ஊரில் வேறொருவர் கடைக்கு அடுத்தாளாகச் செல்ல இசைந்து கையெழுத்திட்டவர், எங்கள் விலாசத்தையுடையவர். பாட்டையாவின் தகப்பனார் பெயரையுடையவர். பாட்டையா முன்பணம் பெற்றுக்கொண்டதற்கு அதிலேயே கைச்சாத்து இருக்கின்றது.

இதன் உட்பொருளைச் சபையிலுள்ள முதியோர்க்கு யான் விரிக்கவேண்டுவதில்லை, இளைஞர்களுக்காகச் சொல்லுகின்றேன். 1929-30-இல் பர்மா அரசாங்கம் அமைத்த பாங்கு விசாரணைக் குழுவினர், அந்நாட்டில் நம்மவர் கடைகள் ஏறத்தாழ 1,650 என்று கணித்தனர். அவ்வாண்டுகளிலேயே உலகெங்கும் விலைவீழ்ச்சி உண்டாயிற்று, நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, பணத்துக்குப் பதிலாக நிலமே கைக்கு வந்தது. பெருங் கடைகள் தாங்கின. சிறு கடைகள் பல எடுபட்டுப்போயின. எடுபட்டவற்றுள் எங்கள் கடையும் ஒன்று என்பதைப் பேரேடு காட்டுகின்றது. முதலாளியாய் இருந்தவர் வீட்டுத் தலைமகன், பிறர் கடையில் அடுத்தாளாய்ப் போனார். மரணக் குறிப்பெழுதியவர் 'தனவந்தர்' என்று பாட்டையாவை வருணித்த அக்காலத்தில், அவ்வீட்டு அடுப்பு மகனுடைய சம்பளத்தில் எரிந்தது.

ரங்கூன்மீது 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் குண்டு வீசப்பட்டது. அடுத்த மார்ச்சு மாதத்தில் அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல் கிடைத்தவர் கப்பலில் வந்தனர். கிடைக்காதவர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தனர். லட்சக்கணக்கினர் புறப்பட்டனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கேதம் சொல்லுவார் யார்? திதி குறிப்பார் யார்?

பெட்டகத்தில் ஒரு கடிதமும் இருந்தது. விஷு ஆண்டு தை மாதம் ரங்கூன் மொகல் தெருவிலிருந்து எழுதியது. நம்மவர் கடைகள் வரிசையாயிருந்த தெரு அது. கப்பலுக்குச் சீட்டு அகப்படவில்லையென்றும், கண்டனூர் அண்ணன் ஒருவரோடும் நெற்குப்பைப் பையன் ஒருவனோடும் சேர்ந்து தரைவழியே வருவதாகவும், ஆத்தாவைக் கவலைப்படவேண்டா மென்றும், பெட்டியடிக் கணக்கை முடித்து முதலாளியின் ஏட்டைத் தம்முடனேயே கொண்டுவருவதாகவும் எழுதியிருந்தார். அதன்பின் ஒன்றும் இல்லை.

பாட்டையா இறந்தது அதற்கு ஓராண்டு கழித்து. இப்போது அம்மரணக் குறிப்பை மீண்டும் படியுங்கள்: 'புதல்வர் இருவரும் உளர்.' மூவர் என்று எழுதினால், மூன்றாமவர் எங்கே என்று ஊரார் கேட்பர். தலைமகன் இறந்தார் என்று எழுதினால், உள்ளே ஒருவர் கழுத்திலிருக்கும் திருமாங்கலியத்துக்கு என்ன விடை சொல்லுவது? எழுதியவர் இரண்டையும் தவிர்த்தார். அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அச்சில் ஏறிய அவ்வொரு வரியால், எண்பதாண்டுக்குள் ஒரு மனிதர் தம் வீட்டினின்றே மறைந்துபோனார்.

அவர் இறந்தாரென்று வீட்டார் எப்போது முடிவுசெய்தனர் என்பதை அறிய விரும்பினேன். வீட்டுக் கணக்கில் ஆண்டுதோறும் புள்ளிவரிச் செலவு எழுதப்பெற்றிருந்தது. பாட்டையா மறைந்த பின்னர், 'புள்ளி மூன்றரை': புதல்வர் மூவர் புள்ளி மூன்று, பாட்டையாவின் மனைவியார் அரை. காணாமற் போனவருக்கும் முழுப்புள்ளி வரி கட்டியிருக்கின்றனர்! சுபானு, தாரண, பார்த்திப, விய, சர்வசித்து என ஐந்தாண்டுகள் மூன்றரையே. சர்வதாரி ஆண்டில், அதாவது 1948-49-இல், 'புள்ளி மூன்று.' இங்கு யான் ஒரு தவறு செய்தேன். பாட்டையாவின் மனைவியார் அவ்வாண்டில் இறந்தமையால் அரை குறைந்தது என்று எண்ணிவிட்டேன். அவ்வம்மையாரின் உத்தரகிரியைப் பத்திரிகை பின்னர் அகப்பட்டது. அது விஜய ஆண்டு, 1953. ஆகவே அவர் அப்போது உயிரோடிருந்தார். குறைந்த அரை வேறொருவருடையது. சர்வதாரி ஆண்டுச் செலவுக் குறிப்பில் மேலும் இரண்டு பக்கம் புரட்டினேன். 'வெள்ளைச் சேலை சோடி 1' என்றிருந்தது.

அவருக்கென எழுதப்பெற்ற மரணக் குறிப்பு எங்கள் வீட்டில் அவ்விரண்டு வரிகளே. ஆறாண்டு காத்திருந்தனர். அதற்குமேற் காத்திருக்க இயலவில்லையோ, யாரேனும் செய்தி கொணர்ந்தனரோ என்பது அக்கணக்கிலிருந்து தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. பெரியப்பத்தா 1974-இல் மறைந்தார். அவரைப் பற்றிய குறிப்பும் ஒரு சமூக வெளியீட்டில் வந்திருந்ததை நூலகத்திற் கண்டேன். அவருடைய குணநலன்களைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்ன ஊரில் இன்னார் மகளும், பர்மா பியாப்போனில் இருந்த இன்னார் மனைவியும் ஆகிய இன்னார் என்று மூன்றே வரிகள். எங்கள் பெரிய ஐயாவின் பெயர் அச்சில் வந்ததை யான் கண்டது அவ்வொரிடத்திலேதான். தந்தையின் குறிப்பு மறைத்ததை மனைவியின் குறிப்பு சொல்லிற்று.

ஆதலின், ஆண்களின் குறிப்போடு நில்லாமல் ஆச்சிமார்களின் குறிப்புகளைத் தவறாமல் தேடுமாறு வேண்டுகின்றேன். ஓர் ஆடவரின் குறிப்பில் ஒரு வீடு இருக்கும். ஒரு பெண்மணியின் குறிப்பிற் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஆகிய இரண்டு வீடு இருக்கும். இவ்வளவு பயனுடையதாயிருந்தும், பழைய குறிப்புகளிற் பாதியில் 'இன்னாருடைய மனைவி' என்று மட்டும் எழுதிப் பெயரையே விட்டிருக்கின்றனர். அவ்வாறு விட்ட பெயர் இசைகுடிமானத்திலோ, சீர்ச் சாமான் எழுதிய சிட்டையிலோ, அவர் எவர்சில்வரிலும் பித்தளையிலும் பொறித்துக்கொண்ட எழுத்துக்களிலோ கிடைக்கலாம். பாத்திரத்தை விற்கும்முன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்றும் நம் வெளியீடுகளுக்குக் குறிப்பு அனுப்புகின்றவர் பெண்மக்களின் பெயரை விடாது எழுதவேண்டுமென்பது பத்திராதிபருக்கு என் விண்ணப்பம்; மகள்மாரை 'பெண்கள் மூவர்' என்று எண்ணாற் கூறுவதும் இனிப் போதும்.

பிள்ளை கூட்டிக்கொண்ட குடும்பங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுவேன். ஒரே கோயிலுக்குள் பிள்ளை கூட்டுவது நம் மரபு. மஞ்சள் நீர் அருந்திய அன்றே அப்பிள்ளை விலாசம் மாறுகின்றான். சிலபோது பெயரும் மாறுகின்றான். மரணக் குறிப்பில் 'ஏகபுத்திரர்' என்றே வரும். அது முறையே, அவர் மகனே. ஆயினும் பெற்ற வீட்டின் தொடர்பும் எங்கேனும் எழுதப்பட்டிருத்தல் நலம். இதனைத் தேடுபவர் நிதானத்துடன் தேடுக. உயிரோடிருப்பவர் ஒருவர் விரும்பாத செய்தியை அச்சிடுதற்கு ஆராய்ச்சி என்னும் பெயர் போதிய காரணமாகாது.

இனி, எங்கே தேடுவது? அரசாங்கத்தின் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டாயிற்று. இந்தியா முழுமைக்குமான இப்போதைய சட்டம் 1969-இல் இயற்றப்பெற்றது. பழம் பதிவுகள் எல்லா ஊருக்கும் ஒழுங்காய்க் கிடைக்குமென்று நம்பற்க. சொத்துப் பத்திரங்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் இருக்கும்; பாகப் பத்திரத்தில் ஒரு தலைமுறையின் பங்காளிகள் எல்லோரும் பெயரோடு வருவர், அங்கே மரியாதைக்காக எவரையும் விட்டுவிட இயலாது. புகழ்பெற்றவர் வீட்டார்க்குச் சி. ஹயவதன ராவ் 1915-இல் தொகுத்த இந்திய ஜீவசரித்திர அகராதி போன்ற நூல்களும், சோமலெ அவர்களின் 'செட்டிநாடும் செந்தமிழும்' என்னும் நூலும் உதவலாம். பழம் பத்திரிகைகளுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் நாடுக. கோட்டையூரில் இருந்து, கையிலிருந்த பொருளையெல்லாம் புத்தகத்திலும் துண்டுக் காகிதத்திலும் செலவிட்ட ரோஜா முத்தையா அவர்கள் 1992-இல் மறைந்தார்கள். அவர் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வாங்கி இந்நாட்டிலேயே வைத்துக் காக்க முற்பட்டனர். 1994-இல் நூலகம் நிறுவப்பெற்றது. திருமண அழைப்பையும் நோட்டீசையும் அவர் ஏன் சேர்த்தார் என்று அன்று நகைத்த ஊர் உண்டு. இன்று நாம் தேடிப் போவது அவற்றைத்தான்.

ஆனால் எந்த நூலகத்தினும் பெரிய நூலகம் பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளே. வீட்டை விற்கும்போதும் இடிக்கும்போதும் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகின்றோம். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலே நம் வீட்டு மரப்பெட்டிகளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கின்றதென்பதை யாவரும் அறிவோம். பெட்டியினுள் இருந்த பேரேடு எடைக்குப் போகின்றது. அதிலுள்ள தமிழ் எண்களையும், கால், அரை, மாகாணிக் குறிகளையும் வாசிக்க வல்லவர் வீட்டுக்கு ஒருவர்கூட இப்போது இலர். வாசிக்க வல்ல பெரியவர்கள் ஊருக்கு இரண்டு மூன்று பேரேனும் இருக்கும்போதே, இளைஞர்கள் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ளவேண்டும். ஏட்டைப் பிறரிடம் கொடுக்க மனமில்லாதவர் கைப்பேசியிற் படமேனும் எடுத்து வைக்கலாம். படம் எடுக்கும்போது ஏட்டுக்குள் மடித்து வைத்த துண்டுத் தாள்களை உதறிவிடாமல், எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்பதையும் குறித்துக்கொள்க. பாட்டையாவின் மரணக் குறிப்பு ஐந்தொகை ஏட்டில் எந்த ஆண்டுப் பக்கத்தில் இருந்தது என்பதைக் குறியாது விட்டேன். இன்றுவரை அதற்கு வருந்துகின்றேன்.

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூடி ஆலோசித்தனர். பெரிய ஐயாவுக்குத் திதி தெரியாமையால், அவர் கடிதம் எழுதிய தைத் திங்களின் அமாவாசையையே கொள்வதென்று முடிவாயிற்று. பங்காளிகளுள் ஒருவர், 'இத்தனை காலம் இல்லாததை இப்போது ஏன் புதிதாய்த் தொடங்கவேண்டும்?' என்று தடுத்தார். அவர் சொல்லியதிலும் நியாயம் இருந்தது. 'புதிதன்று, ஐந்தாண்டு புள்ளி கட்டியிருக்கின்றார்கள்' என்று கணக்கை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு அவ்வரிகளைத் தாமே வாசித்தார். பின்னர் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வாண்டுப் படைப்பில் ஒரு வேட்டி கூடுதலாக வைக்கப்பெற்றது. அதனை அவரே வாங்கிவந்தார்.

இச்சபையில் கண்டனூராரும் நெற்குப்பையாரும் பலர் இருக்கின்றீர்கள். விஷு ஆண்டு தை, மாசியில் ரங்கூனிலிருந்து தரைவழியே புறப்பட்டவர் எவரேனும் தங்கள் வீட்டில் உண்டா? ஒருவர் நடுவயதினர், ஒருவர் இளைஞர், உடன் வந்தவர் ஒருவர் கணக்கேடு ஒன்றைச் சுமந்து வந்தார். அவர்களுள் ஒருவரேனும் ஊர் வந்து சேர்ந்திருந்தால், வீட்டில் ஏதேனும் பேசியிருப்பார்; அல்லது எழுதியிருப்பார். தங்கள் அப்பத்தாமாரையும் ஆயாமாரையும் கேட்டுப் பாருங்கள். பெட்டகத்தையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எது கிடைப்பினும் சங்கத்து முகவரிக்கு ஒரு வரி எழுதினால் என்னிடம் வந்து சேரும்.